மத்தியான நாடி

பக்கிரிசாமியின் மணிக்கட்டுப் பட்டை தினமும் மத்தியானம் நாடி பார்க்கும். அன்றைய நாடிக்கு ஏற்ற சீனக் கஷாயம் சாயங்காலமே தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அவருடைய புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோவின் குமட்டலுக்காக ஆஸ்பத்திரியே சொன்ன துணை மருந்து அது.

ஒரு வாரமாகக் கஷாயம் இனித்தது. "திகட்டுது, நீயே குடிச்சிடு" என்று அவர் நீட்ட, வீணாவானேன் என்று மனைவி ஈஸ்வரி குடித்துவைத்தாள்.

இன்று காலை வைத்தியர் குவெக் அம்மா திரையில் வந்தார். "நாடியப் பார்த்தா, உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி தூக்கமே இல்லையேம்மா. யாரையோ நினைச்சு ரொம்பப் பயப்படுறார். முதுகும் வலிக்கணுமே?"

"அவரா? குறட்டை விட்டுல்ல தூங்குறாரு!" என்றவளின் கை, தன்னையறியாமல் தன் முதுகுக்குப் போயிற்று. சட்டென்று திரும்பினாள்.

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். "தினமும் மத்தியானம் நீ சோபாவுல கண்ணசந்தப்போ பட்டையை உன் கையில கட்டிவிட்டேன். நோயாளிக்கு மட்டும்தான் பார்ப்பாங்களாம். உனக்கு யார் பார்ப்பா?"

"அப்போ ஒரு வாரமா உங்க மருந்து? வெளங்காத மனுசன்!" பட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே இறுக்கிக் கட்டினாள். இனி அவிழ்த்தால் நடப்பதே வேறு என்று எச்சரித்தாள்.

மத்தியானம் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபடி காத்திருந்தாள். பட்டை வரவில்லை. அவருடைய மூன்று விரல்கள் மெல்ல வந்து அவள் மணிக்கட்டில் அமர்ந்தன.

கையை இழுத்துக்கொள்ளாமல், தூங்குவதுபோலவே கிடந்தாள். பிறகு நிஜமாகவே தூங்கிப்போனாள்.