சாமி ருசி பார்க்க மாட்டார்

கண்ணாடிக் குவளையில் புது ஒயினை இரண்டு விரல் அளவு ஊற்றிவிட்டாள். குடிக்கத்தான் தைரியம் வரவில்லை.

கொட்டகை வாசலுக்கு வெளியே அப்பா நின்றார். கறுப்பு வேட்டி. கழுத்தில் துளசி மாலை. வெறுங்கால்.

சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒயின் கொட்டகைக்குள் வர மாட்டார்.

அதுதான் சிக்கல்.

இந்த வீட்டில் எந்தப் புது ஒயினும் அவர் ருசி பார்க்காமல் வெளியே போனதில்லை. ஒரு வாய். பிறகு தலையசைப்பு. அதன் பிறகுதான் பாட்டில்களைக் கழுவவே தொடங்குவார்கள்.

போன வருடம் தலை அசையவில்லை.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்து அவள் போட்ட முதல் தொட்டி அது. பன்னீர் திராட்சை. சர்க்கரை சேர்க்காதது. அப்பா ஒரு வாய் வைத்தார். குனிந்து குழாயைத் திறந்துவிட்டார். தொட்டி முழுவதும் வாய்க்காலில் போனது.

தப்பில்லை. புளித்துத்தான் போயிருந்தது.

இந்த வருடமும் அதே திராட்சை. சர்க்கரை இல்லை. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன.

போன வருடமும் இருந்தன.

அப்பா எப்போதும் மகரஜோதிக்குத்தான் மலைக்குப் போவார். கிறிஸ்துமஸ் ஒயின் கம்பம் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் மாலை. இந்த வருடம் கார்த்திகை முதல் தேதியே குளித்துவிட்டு வந்து போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மண்டல பூஜை பார்த்துவிட்டு அவர் மலை இறங்கும்போது கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் போட்டா ஐயப்பன் கோவிச்சுக்குவாரா?" அம்மா புனல்களை அலசிக்கொண்டே கேட்டாள். "இப்ப யாரு ருசி பாக்குறது, சாமி?"

சாமி மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீங்க. எனக்கு எல்லாமே கசாயந்தேன்."

தாடிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் இவள் பக்கம் திரும்பினார். மாலை போட்டவர்கள் எல்லாப் பெண்களையும் அழைப்பதுபோல், இவளும் இப்போது அவருக்கு மாளிகைப்புறம்தான்.

"என்ன மாளிகைப்புறம், கொழாயத் தொறந்து விட்ருவமா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள்.

முதலில் வாசனை. பன்னீர்.

பிறகு நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு.

புளிப்பு இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

விழுங்கினாள். விழுங்கிய பிறகு, போடாத சர்க்கரை எங்கிருந்தோ வந்து தொண்டையில் நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தலையசைப்புக்கு. பழக்கம்.

கொட்டகையில் அவளைத் தவிர யாரும் குடித்திருக்கவில்லை.

"ஆத்தீ!" அம்மா புனலைக் கீழே வைத்தாள். "தலைய ஆட்டுறதப் பாரு. அப்படியே அவரு மாதிரி."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, ஆடிக்கொண்டிருந்தது தன் தலை என்று.

முகம் சுட்டது.

"பாட்டில் கழுவணும்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே ஓடினாள்.

வெயில்.

பாட்டில்கள் தட்டுகளில் தலைகீழாக நின்றன. வரிசை வரிசையாக. எல்லாமே.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தூசு இல்லை. ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

கழுவிய பாட்டில் உள்ளே காய ஒரு பகல் முழுவதும் வேண்டும். அவள் ருசி பார்ப்பதற்கு முன்பே, நேற்றே யாரோ கழுவி வைத்திருக்கிறார்கள்.

முன்வாசலில் அப்பா சரணம் சொல்லத் தொடங்கியிருந்தார். பூஜை நேரம் இல்லை. குரலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.