கிட்டுவுக்கு மூன்று நாள் விடுப்பு

கிட்டுவின் தலையில் ரசத்தைக் கொட்டியவன் நான்தான். கை தவறிவிட்டது என்றேன். "தவறின கை எப்படிங்க அவ்வளவு உயரம் போச்சு?" என்றாள் என் மனைவி அமுதவல்லி.

ஆட்டிசம் உள்ள எங்கள் மகள் தாரகைக்கு, மனிதர்களிடம் பேசிப் பழகக் கற்றுக்கொடுக்க வந்த இயந்திரம் கிட்டு. நன்றாகவே கற்றுக்கொடுத்தது. பள்ளி வேன் டிரைவர் மீசையை எடுத்தது முதல் புது டீச்சரின் தும்மல் வரை எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். எனக்கு ஒரு 'ம்' கிடைத்தால் அன்று தீபாவளி. ஒரு பிளாஸ்டிக் மண்டையைப் பார்த்து வயிறெரிந்த முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

பழுதுபார்க்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். கிட்டுவின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அதைப்போலவே தலையைச் சாய்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

"ஸ்கூல் எப்படிம்மா? சாப்டியா? யார்கூட விளையாடின? ஏன் பேச மாட்டேங்கிற?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, கிட்டு கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுகிட்ட எல்லாம் சொல்றியே, அப்பாகிட்ட மட்டும் ஏன் சொல்றதில்ல?"

கேட்ட ஆத்திரத்தில் ஒரு முழு இட்லியை வாயில் திணித்துக்கொண்டேன். அதனால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியவில்லை. மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.

தட்டைப் பார்த்தபடி தாரகை சொன்னாள்: "கிட்டு கேட்டுட்டு காத்திருக்கும்ப்பா. நான் பதிலை எடுத்துட்டு வர்றதுக்குள்ள நீ அடுத்த கேள்விக்குப் போயிடுற."