முழு இலை

கஞ்சாச் செடியின் இலை விரித்த கைபோலப் பிளந்திருக்கும். நாருக்காக வளர்க்கும் போதையில்லாத வகைக்கும் அதே இலைதான். அதனாலேயே அந்த நார் வகையைப் பயிரிட்டவர்களையும் போலீஸ் பிடித்துப்போனது. அவர்களில் ஜெயசுதாவின் அண்ணனும் ஒருவர். பிளவில்லாத இலையோடு ஒரு வகையை உருவாக்கிவிட வேண்டுமென்று, அரசு அனுமதி பெற்ற தோட்டத்தில் அவள் வருடக்கணக்காகச் செடிகளை இனக்கலப்பு செய்து வந்தாள். இந்த மழைக்கு ஒரே ஒரு கன்று வெற்றிலைபோல் முழு இலை விட்டது. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

காய்ச்சலில் படுத்தெழுந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது கன்று நின்ற இடத்தில் வெறும் மண்தான் இருந்தது.

களையெடுக்கும் ராக்கம்மா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "சுத்தமா எடுத்துட்டேன் மேடம். நீங்க சொன்ன மாதிரி, விரல் விரலா இலை உள்ளதை ஒண்ணுகூடத் தொடலை."

"நடுவுல ஒண்ணு நின்னுச்சேக்கா?"

"அதுவா? அது வேற ஏதோ செடி மேடம். நம்ம செடி மாதிரியே இல்லையே."

பிடுங்கிய களைகள் எங்கே கிடக்கின்றன என்று ஜெயசுதா சுற்றிலும் தேடினாள்.

"தப்பாப் பண்ணிட்டேனா மேடம்?"

"இல்லக்கா."

வரப்போரம் குவிந்திருந்த களைகளின் முன் ஜெயசுதா குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். வெயிலில் சுருண்டுபோயிருந்த இலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.