மூன்றாவது வீடு

"குனிஞ்சு வாங்கம்மா, நிலை இடிக்கும்!"

வீட்டுத் தரகர் சொல்லி முடிப்பதற்குள் இடித்துவிட்டது. எக்ஸ்-ரே டெக்னீஷியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

ஒரே அறை. சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்மணி யார் வந்தது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாத்ரூம் எங்கங்க?"

"வெளியில. மூணு குடித்தனத்துக்கும் ஒண்ணுதான்" என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பது போல. "மழை பெஞ்சா இங்க ஒழுகும். அதோ, அங்கயும் ஒழுகும்."

"போலாமாம்மா?" என்றார் தரகர், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

டெக்னீஷியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நாளை மதியம் அப்பா டிஸ்சார்ஜ். இரண்டு மாதத்துக்கு ஒரு படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. இன்றைக்குள் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைக்காவிட்டால் அப்பாவை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

இந்தத் தரகரைக் கைகாட்டியது ஆஸ்பத்திரி நர்ஸ். 'மூணு வீடு காட்டுவார். மூணாவதைக் கண்ணை மூடிட்டு எடுத்துடு. எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க' என்றிருந்தாள்.

எல்லாரும் ஏன் மூன்றாவதையே எடுக்கிறார்கள்? காலையிலிருந்து அந்தக் கேள்வி டெக்னீஷியனைக் குடைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வீடு பெரியதுதான். ஆனால் வாசலில் நான்கு படி, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை. காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாவது வீட்டில் கால் வைத்ததும் மனசு குளிர்ந்துபோனது. படியே இல்லை. தரையில் வெயில் பாய் விரித்திருந்தது. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பாத்ரூம் கதவை அளந்தாள். அப்பாவின் வாக்கர் தாராளமாக நுழையும்.

"பிடிச்சிருக்கில்ல?" தரகர் சாவிக்கொத்தை ஆட்டினார்.

"ஒரு நிமிஷம்ணே. இந்த வீடு நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல அந்த ரெண்டையும் பாத்துட்டு வந்ததால நல்லாத் தெரியுதா?"

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. "ஏம்மா, போலீஸ்ல வேலையா?"

"எக்ஸ்-ரேல. எங்க பொழப்பே இதுதான்ணே. சுத்தி இருட்டா இருந்தாத்தான் எலும்பு வெள்ளையாத் தெரியும். குடல் மாதிரி தானாத் தெரியாததுக்கு ஒரு மருந்தைக் குடிக்க வெச்சுப் படம் எடுப்போம். அந்த மருந்துக்குப் பேரே கான்ட்ராஸ்ட். நீங்க எனக்குக் காலையிலேருந்து ரெண்டு டோஸ் கொடுத்திருக்கீங்க!"

தரகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாம்மா மாட்டிக்கிட்டேன். நல்ல வீட்டை முதல்ல காட்டினேன்னு வைங்க, ஜன்னல் சின்னதா இருக்கு, துணி காயப்போட இடமில்ல, எதிர்வீட்டு நாய் முறைக்குதுன்னு நூறு நொட்டை சொல்வாங்க. அந்த முதல் வீட்டைப் பாத்துட்டு வந்தவங்க நாய்க்கே ஒரு கும்பிடு போட்டுட்டுச் சாவியை வாங்கிக்குவாங்க."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஈரச் சுவரையும் லேத் சத்தத்தையும் மனசிலிருந்து துடைத்தெறிந்தாள். கண்ணைத் திறந்து சுவரைத் தடவினாள். காய்ந்திருந்தது. கட்டில் போடப்போகும் இடத்திலிருந்து பாத்ரூமுக்கு அப்பாவைப் போலவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோனாள். எங்கும் தடுக்கவில்லை.

"அதையெல்லாம் மறந்துட்டுப் பாத்தாலும் நல்ல வீடுதான்ணே. எடுத்துக்கறேன்."

"அப்பாடா!"

"ஆனா ஒரு சந்தேகம். ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் அந்த அம்மா வீட்டுக் குறையைக் காட்டறீங்களே, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவம்தான். பழகிடுச்சு."

"காலி பண்ணப் போறாங்களா?"

"ஆறு வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க."

"ஊருக்கே வீடு பாக்கறீங்க. அவங்களுக்கு ஒண்ணு பாத்துக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

தரகர் ஜன்னல் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை. "அண்ணே, என் வீடு நாளைக்குக் காலியாகுதே! வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆள் பாக்கற பொறுப்பை என்கிட்டதான் விட்டிருக்கார். மூணு மாடி ஏறணும், அவ்வளவுதான். நாலு பக்கமும் காத்து, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வாடகையும் ரொம்பக் கம்மி. போற வழியில அந்த அம்மாகிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா!" தரகர் பதறினார். "சொன்னா இன்னிக்கே மூட்டையைக் கட்டிடுவா!"

"நல்லதுதானே? அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணுமில்லம்மா" என்றார் தரகர், குரல் இறங்கிப்போய். "நானும் என் சம்சாரமும் அங்க குடிபோயிட்டா, அப்புறம் வர்றவங்களுக்கு முதல்ல எந்த வீட்டைக் காட்டறது?"