கனகராஜ் என்ற அட்டை

சட்டையில் கனகராஜ் என்று எழுதிய அட்டையைக் குத்தி, என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அரங்கு நிறைய டாக்டர்கள். பம்பாயிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் வந்தவர்களாம். கிட்னி மாற்றி வைப்பதைப் பற்றி வேலூரில் இரண்டு நாள் கூட்டம். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது திரையில் விழுந்த படங்கள் மட்டும்தான்.

ஒரு படத்தில் ஸ்டீல் கிண்ணத்துக்குள் ஐஸ் கட்டி. அதன்மேல் ஒரு கிட்னி. யாருடையதோ. படம் மாறிய பிறகும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்ததில் ஒரு கோடு மேலேயிருந்து சரிந்து இறங்கியது. மாற்றிக்கொண்டவர்களில் எத்தனை பேர் எத்தனை வருஷம் இருக்கிறார்கள் என்று காட்டும் கோடாம். அதன் கடைசியில், ஆறாவது வருஷத்தில், ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது.

பக்கத்திலிருந்த டாக்டர் குனிந்து, "அது நீங்கதான்" என்றார்.

மேடையிலிருந்து கனகராஜ் என்று கூப்பிட்டார்கள். எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கும்பிட்டேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் இடது விலாவுக்குள் புகுந்து குடைந்தது. அப்படியே வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

எழுபத்து நாலில் ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வெளிநாடு போய்விட்டார். இப்போது இருப்பவர்களுக்கு முகம் தெரியாது, கார்டுதான் தெரியும். உடம்பு எப்படி இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒன்று வரும். நலம், மாத்திரையை ஆம்பூரிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி, கனகராஜ் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

டீ நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒரு அம்மாவை வராந்தாவுக்கு அழைத்து வந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பேர் பூவம்மாள், ஊர் ஜோலார்பேட்டை. மகள் தேவகிக்குத் தன் கிட்னியைக் கொடுக்கப் போகிறவள். திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனால் வார்டில் படுத்திருக்கும் மகள் சம்மதிக்கவில்லையாம்.

"உன்னையும் அறுத்துப் போட்டுட்டு நானும் போய்ட்டா நீ இன்னா பண்ணுவேன்றா," என்றாள் பூவம்மாள். "வெச்சிக்கினு நல்லா இருக்கறவங்க ஒருத்தரையாவது கண்ணால பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவாளாம். அதான் உங்களக் கையோட இட்டுனு போலாம்னு வந்தேன்."

பேசிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. ஆட்டுத் தோலை விரித்துப் போட்டால், இது முள்வேலி கிழித்தது, இது சாட்டை, இது உண்ணி கடித்தது என்று தடவியே சொல்லிவிடுவேன். எந்தத் தோலும் என்னை ஏமாற்றியதில்லை என்று மேஸ்திரி அப்துல் வஹீதே சொல்வார். அவர் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை.

"தழும்பு ஜாஸ்தி தெரியுமா? பாக்கலாமாப்பா?"

யார் கேட்டாலும் காட்டிப் பழகிய கை. யோசிக்காமல் சட்டையைத் தூக்கி, இடது பக்கத்தைக் காட்டி நின்றேன். முதுகில் தொடங்கி விலாவுக்குக் கீழே வளைந்து வரும் நீளத் தழும்பு.

அவள் அதைத் தொடவில்லை. தன் புடவைக்கு மேலே, அதே இடத்தில் கையை வைத்தாள்.

"எனக்கு இங்கதான் அறுப்பாங்கன்னு டாக்டரு கோடு போட்டுக் காட்டினாரு. பொண்ணுக்கு வெக்கறது முன்பக்கம், அடிவயித்துல."

சட்டையை இறக்கினேன். வாழ்நாளெல்லாம் வடு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, தன் வடு எதனால் வந்தது என்று இன்னொருவர் கண்டுபிடிப்பார் எனத் தோன்றவே இல்லை.

"யாருக்குக் குடுத்தீங்க? தம்பிக்கா, அண்ணனுக்கா?"

"அண்ணனுக்கு."

"எத்தினி நாள் இருந்தாரு?"

"பதினோரு மாசம்."

கனகராஜைப் பாலாற்றங்கரையில் புதைத்தோம். அண்ணனோடு என்னுடையதும் மண்ணுக்குள் போனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் முதல் கார்டு வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நான் கொடுத்ததும் செத்துவிடும் என்று பயமாக இருந்தது. நலம் என்று எழுதினேன்.

"உள்ள போய் டாக்டராண்ட எல்லாத்தையும் சொல்லிட்றேம்மா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

வராந்தாக் கோடியில் வார்டின் கதவு தெரிந்தது. பூவம்மாள் அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, சட்டையைத் தூக்கியதில் சாய்ந்து போயிருந்த அட்டையைக் கழற்றி, நேராகக் குத்திவிட்டாள்.

"அப்பறமா சொல்லிக்கலாம். வாங்க கனகராஜ், எம் பொண்ணு காத்துனு இருக்கா," என்றாள். "அங்க மட்டும் சட்டையத் தூக்கிடாதீங்க."