பதம்

"இதுல சத்தமே கேக்காது மேடம். பக்கத்துலயே படுத்துத் தூங்கலாம்" என்று தானே மாவு பிசைந்து சுடும் விலை கூடிய ரொட்டி மெஷினைத் தட்டிக் காட்டினான் கடைக்காரன். பிரகாசி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழ்த்தட்டில் கிடந்த பழைய மாடலில் மாவு போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னாள். உள்ளே மாவு உருண்டு பாத்திரத்தின் சுவரில் அறைந்தது. பளார், பளார்.

"இதையே கட்டுங்க" என்றாள்.

அவள் கணவர் மிக்கேல் இருபத்தாறு வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்தவர். வீட்டில் அவள் பிசையும் மாவை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். "இன்னும் பதம் வரலடி" என்று வாய் சொல்லி முடிக்கும் முன்பே கை அவள் கன்னத்தில் விழும். போன மாசம் வந்த பக்கவாதம் அந்தக் கையையும் வாயையும் கொண்டுபோய்விட்டது. கண்ணும் காதும்தான் மிச்சம்.

மெஷினை அவர் தலைமாட்டில் வைத்து மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. பிசையும் பொத்தானை மட்டும் அழுத்தினாள். பளார். ஒவ்வொரு அறைக்கும் அவர் இமை மூடித் திறந்தது. அதைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

"ரொட்டி எப்பம்மா வரும்?" என்று அடுப்படியிலிருந்து மகள் கேட்டாள்.

"அப்பாவுக்குப் பிடிச்ச பதம் வரட்டும்."

அரை மணி கழித்து மெஷின் கூவி நின்றது. மிக்கேலின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. பிரகாசி மூடியைத் திறந்தாள். மாவை இரண்டு விரலால் கிள்ளி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இன்னும் பதம் வரல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.