ஆறு துளைத் தகடு

பெரில் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். பிறகு காரின் பின்பக்கத்தில் விரித்திருந்த துண்டின் மேல் அதை மெதுவாக வைத்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள்.

அதுவரை, பழம்பொருள் தேடி வயல் வயலாக அலையும் அந்த மூவரும் விளையாட்டாகத்தான் இருந்தார்கள்.

விரல் நீளத் தகடு. லேசான வளைவு. வரிசையாக ஆறு துளைகள். காலையில் வேலியோரத்தில் நோரினின் மெட்டல் டிடெக்டர் கூவியது. ஒரு சாண் தோண்டியதுமே கிடைத்தது.

ரோமானிய வீரனின் கவசச் செதில் என்றான் லயனல். இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் மண்ணில் எது கிடைத்தாலும் முதலில் ரோமானியர் தலையில்தான் கட்டுவான். ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவன் வாயில் அதே தகடு தேவாலய ஆர்மோனியத்தின் உறுப்பாகிவிட்டது.

நோரினை உறுத்தியது வேறு. இந்த ஈர மண் இரும்பைத் தின்றுவிடும், செம்பைப் பச்சையாக்கிவிடும். தகட்டில் ஒரு பொட்டுத் துருவில்லை.

"இது எலும்புக்கு வைக்கிற பிளேட்டு," என்றாள் பெரில். முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். "கை ஒடஞ்சா உள்ள வச்சு ஸ்குரூ போட்டு முடுக்குவாங்க."

யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை.

வயலின் மறுகோடியில் டிராக்டர் நின்றது. ரோலண்ட் இறங்கி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நிலம் அவருடையது.

"பெண்டாட்டி ஸ்பெயினுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டுத் திரியறாரே," லயனல் குரலைத் தாழ்த்தினான். "போனதை யாராச்சும் பார்த்தீங்களா?"

பத்து வருடமாக இந்த வயல்களில் தேட அனுமதி தந்தவர். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நோரின் அவருக்கு ஒரு புட்டி ஜின் கொண்டுபோய்க் கொடுப்பாள். இப்போது அவள் பார்த்தது அவருடைய கைகளை. பெரிய கைகள். நகக்கண்ணெல்லாம் மண். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

பெரில் விஷயத்தைச் சொன்னாள். ரோலண்ட் தகட்டைத் தொடவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நாயோடது," என்றார், கொஞ்சம் வேகமாகவே. "டாட்டின்னு பேரு. டிராக்டர் ஏறி முன்னங்கால் போச்சு, உள்ள பிளேட்டு வச்சாங்க. செத்ததும் அந்த வேலியோரத்துலதான் புதைச்சேன்."

"எந்த வருஷம்?" லயனல் போலீஸ்காரனைப் போலக் கேட்டான்.

ரோலண்டின் காது மடல்கள் சிவந்தன. அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"ஓ, அப்படியா சங்கதி! என் பெண்டாட்டி ஜூன் ஸ்பெயின்லதான் இருக்கா. போன் போட்டுத் தரட்டுமாடா? எடுத்தாள்னா என்னையும் திட்டுவா, உன்னையும் சேர்த்துத் திட்டுவா."

போட்டார். எடுத்தாள். திட்டினாள். நடு வயலில், எல்லோர் காதிலும் விழும்படி, வக்கீல் அனுப்பிய காகிதத்தில் இன்னும் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று வறுத்தெடுத்தாள். லயனல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரோலண்டுக்கு ஆறவில்லை. டிராக்டரிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார்.

"எங்க போறீங்க? நாயையும் பார்த்துட்டே போங்க."

வேலியோரத்தில் ஒரு கல்லைப் புரட்டிவிட்டுத் தோண்டினார். யாரும் கைகொடுக்கத் துணியவில்லை. முழங்கால் ஆழத்தில் கட்டம்போட்ட கம்பளித் துணி இற்றுப்போய் வந்தது. மண்வெட்டியை வீசிவிட்டு மண்டியிட்டு, கைகளாலேயே மண்ணை விலக்கினார். உள்ளே பழுப்பு நிற எலும்புகள். சின்ன மண்டையோடு, நாயினுடையதுதான்.

"டாட்டி," என்றார் மெதுவாக.

லயனல் தொப்பியைக் கழற்றினான். மன்னிப்புக் கேட்டான். பெரிலும் கேட்டாள்.

நோரின்தான் முதலில் பார்த்தாள்.

முன்னங்கால் எலும்பில் ஒரு தகடு இருந்தது. சின்னத் தகடு. நாலு திருகுகள். ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை.

ரோலண்டும் பார்த்துவிட்டார். கட்டைவிரலால் அதன் மேலிருந்த மண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

அகப்பட்டுக்கொண்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றே நோரின் நினைத்தாள். அதைப் பார்க்கத் தயாராகி நிமிர்ந்தாள்.

அந்த முகம் அங்கே இல்லை.

"அதைக் குடுங்க," என்று கையை நீட்டினார்.

துண்டோடு எடுத்து வந்திருந்த ஆறு துளைத் தகட்டை நோரின் கொடுத்தாள். ரோலண்ட் தகட்டைத் தன் இடது முன்கையின் மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். அதன் வளைவு எலும்பின் மேல் படிந்து உட்கார்ந்தது.

"அம்மா வைக்கோல் வண்டியிலேருந்து விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு, உள்ள இரும்பு இருக்குடா, தொட்டுப் பாருன்னு சொன்னாங்க."

தகட்டைக் கையிலிருந்து எடுக்காமலே தொடர்ந்தார்.

"அந்த வருஷம் அறுவடை முடிஞ்சதும் அவ எவனோடயோ கனடாவுக்கு ஓடிட்டாள்னு அப்பா சொன்னாரு. ஒரு கார்டுகூடப் போடலியேன்னு நான் இன்னிக்கு வரைக்கும் அவங்களத் திட்டிக்கிட்டே இருக்கேன்."

வயலைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வருடம் அவர் உழுத வயல்.

எழுந்தார். ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நோரினின் தோளைப் பற்றிக்கொண்டு, அப்படியே நின்றார்.